ஆறும் வரை

வடக்கு டகோட்டாவில் மார்ச் மாதம்
வசந்தம் காலண்டரில் மட்டும்.
கனடாவிலிருந்து வரும் காற்றுக்குப்
பாஸ்போர்ட் கேட்பாரில்லை.

ஹால்வர் ரூஸ்டாட்டின் பட்டியில்
இரும்புக் கதவு கீல் அறுந்து சாய்ந்துகிடக்க,
நாற்பது சினைப் பசுக்கள்
அந்தத் திறப்பையே பார்த்து நின்றன,
கடை திறக்கட்டும் என்று
வரிசையில் நிற்பவர்களைப் போல.

"கொட்டகைக்குள் இறக்கு, மார்னா.
உள்ளே காற்றடிக்காது."
அதனால்தான் வெளியே, என்றேன்.
இந்த எஞ்சின் விடும் புகையில்
நிறமில்லாத ஒன்று, மணமில்லாத ஒன்று இருக்கிறது.
முதலில் தலைவலி. பிறகு தூக்கம்.
பிறகு யாராவது வந்து கதவைத் திறந்தால் உண்டு.

சமதளம் தேடினேன்.
உருகி உறைந்து மறுபடி உருகிய மண்ணில்
சமம் ஏது? மண்வெட்டி எடுத்தேன்.
அவர் கடிகாரம் பார்த்தார்.
வைக்கோல் கட்டுகளை அந்தக் கோடிக்கு உருட்டச் சொன்னேன்.
உருட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.
சைலன்சரின் வாயைக்
காற்று போகும் திசைக்குத் திருப்பினேன்:
பசுக்கள் இல்லாத பக்கம்,
வீட்டு ஜன்னல் இல்லாத பக்கம்.
ஹால்வர் நின்ற பக்கம் என்று ஒரு கணம் தோன்றியது.
செய்யவில்லை.

ஆயில் குச்சியை உருவித் துடைத்து
மறுபடி விட்டு உருவினேன்.
கேபிள் முழுக்க விரலை ஓட்டி வெடிப்பு தேடினேன்.
பெயிண்டைச் சுரண்டி
வெற்று இரும்பில் எர்த் கிளாம்ப் கடிக்க வைத்தேன்.
முதல் இழுப்பில் இருமியது,
இரண்டாவதில் திட்டியது,
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

மேல் கீல் முடிந்தது.
கீழ்க் கீல் பாதியில்
எஞ்சின் விக்கி, விக்கி, நின்றது.
தவறு என்னுடையது.
பாதி டேங்க் போதும் என்று காலையில் நினைத்தவள்
வேறு யாருமில்லை.

அதற்குள் சிவப்புக் கேனோடு வந்துவிட்டார்,
மூடியைத் திறந்து பிடித்தபடி.
"ஊற்று."
ஆறட்டும்.
"எவ்வளவு நேரம்?"
அரை மணி.
"நாற்பது வருஷமாய்ச் சூட்டில்தான் ஊற்றுகிறேன்.
ஒன்றும் ஆனதில்லை."
இதுவரை, என்றேன்.

ஆக்கப் பொறுத்தவருக்கு
ஆறப் பொறுக்கவில்லை.
கேனை வாங்கி மூடி திருகினேன்.
லாரியின் பிளாஸ்டிக் விரிப்பில் வைக்கவில்லை;
அங்கே உரசலில் பிறக்கும் பொறிக்குக்
கண் தெரியாது, காது கேட்காது.
பத்துத் தப்படி தள்ளி, வெறும் மண்ணில் வைத்தேன்.

அப்போதுதான் அறுபத்தொன்றாம் எண் பசு
திறப்பை நோக்கி ஓர் அடி வைத்தது.
பின்னாலேயே இரண்டு.
ஹால்வர் ஓடிப்போய் நடுவில் நின்று
கைகளை அகல விரித்தார்.
அப்படியே நின்றார்.
கதவு இல்லாத இடத்தில்
எழுபது வயதுக் கதவு.

கைகளை விரித்திருந்ததால்
கடிகாரம் பார்க்க முடியவில்லை.
அறுபத்தொன்று வந்து அவர் தொப்பியை முகர்ந்தது.
கன்னத்தை நக்கியது.
அவர் அதனிடம் நார்வே மொழியில் ஏதோ சொன்னார்,
என்னைப் பற்றித்தான், நல்லதாக இருக்காது.
எஞ்சினின் உலோகம்
டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி அருகே நீட்டிப் பார்த்தேன்.
இன்னும் இல்லை.

பிறகு ஊற்றினேன்,
கேனின் மூக்கு டேங்க்கின் வாயைத் தொட்டபடி,
கழுத்துவரை அல்ல.
பெட்ரோலுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.
சிந்திய மூன்று சொட்டைத் துடைத்தேன்,
வாடை போகும்வரை நின்றேன்.
"இன்னும் என்ன?" என்றது கதவு.

கீழ்க் கீல் பத்தே நிமிடம்.
பில்லில் கீல் இரண்டு என்று எழுதினேன்,
காத்திருப்பை எழுதவில்லை.
ஒன்றும் நடக்காததற்கு
என்ன விலை போடுவது?

கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
புதுக் கீலில் கதவு மூடியிருந்தது.
பக்கத்தில் அவர் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார்.
அறுபத்தொன்று கதவைச் சட்டை செய்யவில்லை.
அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.